தினசரி ஓட்டும் காருக்கு ஈசியூ ரீமேப் தேவையா?

எனக்கு வந்த கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2014 மாடல் எர்டிகா டீசல், 1,10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மாதம் சுமார் 1,500 கி.மீ. ஓட்டம், பெரும்பாலும் கோவைக்குள்ளும் பைபாஸிலும். அவ்வப்போது ஏழு பேரோடு ஊட்டி. மலையில் வண்டி திணறுகிறது, பழைய பிக்கப் இல்லை. இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றும் ரீமேப் செய்தால் 20 குதிரைத்திறன் கூடும், இழுவை 245 நியூட்டன் மீட்டருக்கு ஏறும், மைலேஜும் 10 சதவீதம் கூடும், மொத்தம் 25,000 ரூபாய் என்று ஒரு கடையில் சொல்லியிருக்கிறார்கள். செய்யலாமா?

இப்போது செய்ய வேண்டாம் என்பதுதான் என் பதில். "பழைய பிக்கப் இல்லை" என்ற உங்கள் வார்த்தையே போதும். இந்த வண்டிக்கு முன்பு பிக்கப் இருந்திருக்கிறது, இப்போது காணவில்லை. அது எங்கே போனது என்று பார்க்காமல் கம்ப்யூட்டரில் எண்களை ஏற்றுவது, காய்ச்சல் எதனால் என்று பார்க்காமல் சத்து மாத்திரை விழுங்குவது போல. நான் டீசல் பம்ப், இன்ஜெக்டர் வேலையில் பதினாறு வருஷமாக இருக்கிறேன், ரீமேப் வேலையும் செய்கிறேன். அதனால் இதைத் தொழிலுக்கு விரோதமாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நல்ல வண்டியில் நல்ல ரீமேப் ஓட்டிப் பார்த்தால் நிஜமாகவே சந்தோஷமாக இருக்கும். ஆனால் என்னிடம் கேட்டு வருகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களைத் திருப்பித்தான் அனுப்பியிருக்கிறேன்.

முதலில் ரீமேப் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். இன்ஜினுக்கு எவ்வளவு டீசல், எந்தக் கணத்தில், எவ்வளவு அழுத்தத்தில், டர்போ எவ்வளவு காற்று தள்ள வேண்டும் என்பதையெல்லாம் ஈசியூ என்ற சின்ன கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. அது கணக்குப் போடுவது பெரும்பாலும் கட்டம் கட்டமான அட்டவணைகளைப் பார்த்து. பள்ளிக்கூட வாய்ப்பாட்டு அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் ஆர்பிஎம், மேலே ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது என்ற அளவு. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஒரு எண். அந்த அட்டவணைக்குத்தான் மேப் என்று பெயர். இப்படி நூற்றுக்கணக்கான மேப்புகள் ஒரு ஈசியூவில் உண்டு. அந்தக் கோப்பை லேப்டாப்பில் எடுத்து, சில எண்களை மாற்றி, திரும்ப உள்ளே எழுதுவதுதான் ரீமேப். முன்பு சிப்பையே கழற்றி மாற்றுவார்கள் என்பதால் சிப் ட்யூனிங் என்ற பழைய பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் எண்ணை மாற்றினால் மட்டும் சக்தி எங்கிருந்து வருகிறது? கம்பெனி மிச்சம் வைத்த இடத்திலிருந்து வருகிறது. ஒரே கோப்போடு வண்டி ராஜஸ்தான் வெயிலிலும் ஓட வேண்டும், லடாக் குளிரிலும் ஓட வேண்டும். ஆயில் மாற்ற ஐந்தாயிரம் கி.மீ. தாமதிப்பவரும் அதை ஓட்டுவார். ஏர் ஃபில்டர் அடைத்துப்போய் ஓடும், சுமாரான டீசலில் ஓடும், ஏழு பேரும் மேலே லக்கேஜும் ஏற்றி ஓடும். இத்தனையையும் தாங்கி வாரண்டி காலத்தைத் தாண்ட வேண்டும், புகைச் சோதனையிலும் தேற வேண்டும். அதனால் இன்ஜின் தாங்கும் எல்லைக்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்திவிடுகிறார்கள். வீட்டில் அவசரத்துக்கு என்று ஒதுக்கி வைத்த பணம் மாதிரி அது. ரீமேப் அந்த ஒதுக்கிலிருந்து எடுத்துச் செலவு செய்கிறது. எடுக்கலாம், தப்பில்லை. ஆனால் ஒதுக்கில் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுக்க வேண்டும். 1,10,000 கி.மீ. ஓடிய வண்டியில் அந்த மிச்சம் எவ்வளவு என்று கோப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது, வண்டியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கடைகளில் அடிக்கடி சொல்வார்கள்: "ஒரே இன்ஜின்தான் சார், கம்பெனி வேணும்னே பூட்டி வச்சிருக்கான், நாங்க திறந்து விடுறோம்." உங்கள் இன்ஜினே இதற்கு நல்ல உதாரணம். ஃபியட்டின் 1.3 மல்டிஜெட், 1,248 சிசி. அந்தக் கால ஸ்விஃப்ட் டீசலில் இதே இன்ஜின் 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர். உங்கள் எர்டிகாவில் 90 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர். பார்த்தால் பூட்டு திறந்த மாதிரிதான் தெரியும். ஆனால் அந்த 15 குதிரைத்திறனுக்காக டர்போவையே மாற்றியிருக்கிறார்கள். ஸ்விஃப்ட்டில் இருப்பது சாதாரண டர்போ. எர்டிகாவில் இருப்பது உள்ளே இறக்கைகள் திரும்பி புகையின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஜிடி டர்போ. அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. 2019-ல் மாருதி சியாஸ், எர்டிகா கார்களுக்குத் தன் சொந்த டீசல் இன்ஜினைக் கொண்டு வந்தது. 1,498 சிசி, 95 குதிரைத்திறன், 225 நியூட்டன் மீட்டர், ஆறு கியர். 25 நியூட்டன் மீட்டர் கூடியது, ஆனால் அது 250 சிசி பெரிய புது இன்ஜின். உங்களுக்குச் சொன்ன 245, அந்தப் பெரிய இன்ஜினையும் தாண்டிய எண். 1,248 சிசியில் அதை வரவழைக்க முடியாது என்று நான் சொல்லவில்லை, வரும். எத்தனை நாளைக்கு வரும், எதன் தலையில் அந்தச் சுமை விழும் என்பதுதான் கேள்வி.

சுமை முதலில் விழுவது கிளட்ச் மேல். ஐந்தாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதியுங்கள். ஆர்பிஎம் முள் சட்டென்று ஏறி, ஸ்பீடோமீட்டர் முள் பின்தங்கி நின்றால் கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். கருகிய வாடையும் வரும். பழைய கிளட்சோடு நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி ரீமேப் செய்த வாரமே இப்படி ஆவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அப்போது கடைக்காரர் "கிளட்ச் ஏற்கெனவே வீக்கா இருந்துச்சு சார்" என்பார். அவர் சொல்வது உண்மைதான். அந்த உண்மையைக் காசு வாங்குவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஒரு லட்சம் கி.மீ. தாண்டிய வண்டி என்றால் கிளட்ச் செட் செலவையும் 25,000-த்தோடு கூட்டித்தான் யோசிக்க வேண்டும்.

சரி, உங்கள் உண்மையான குறை மலை. அதைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ரீமேப் விற்பவர்கள் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை.

கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. கோவையில் காற்றழுத்தம் ஏறத்தாழ 965 மில்லிபார் என்றால் ஊட்டியில் 770 அளவில்தான் இருக்கும். டர்போ என்பது காற்றைப் பிடித்து அமுக்கி உள்ளே தள்ளும் சக்கரம். இன்ஜினுக்குள் 2,200 மில்லிபார் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கோவையில் அது காற்றை 2.3 மடங்கு அமுக்கினால் போதும். ஊட்டியில் அதே 2,200-ஐக் கொடுக்க 2.9 மடங்கு அமுக்க வேண்டும். அதற்குச் சக்கரம் இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். இந்த மாதிரி சின்ன டர்போக்கள் சாதாரணமாகவே நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுக்கு அருகில் போகக்கூடியவை. அதற்கு மேல் கொஞ்சம் என்பது அவற்றுக்குப் பெரிய கொஞ்சம்.

கம்பெனிக்கு இது தெரியும். அதனால் வெளிக் காற்றழுத்தத்தை அளந்து, உயரம் கூடக் கூட "இவ்வளவு போதும்" என்று பூஸ்ட்டை, அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை, குறைக்கும் ஒரு மேப் ஈசியூவில் தனியாக இருக்கிறது. குன்னூர் தாண்டியதும் வண்டி கொஞ்சம் அசட்டையாக இழுப்பதற்கு ஒரு காரணம் அதுதான். டர்போ தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. இப்போது ரீமேப்பில் பூஸ்ட்டை 2,400-க்கு ஏற்றி, அந்த உயர மேப்பைத் தொடாமல் விட்டால், கோவையில் வண்டி பறக்கும், மலையில் பழைய மாதிரியேதான் இருக்கும். நீங்கள் எதற்காகக் காசு கொடுத்தீர்களோ அது மட்டும் நடக்காது. அந்த உயர மேப்பையும் சேர்த்து ஏற்றிவிட்டால் ஊட்டியில் டர்போ 3.1 மடங்கு அமுக்க வேண்டி வரும். ஏழு பேர், இரண்டாவது கியர், முழு ஆக்சிலரேட்டர், வெளியே மெல்லிய காற்று. டர்போவின் ஆயுளைக் குறைக்க இதைவிடத் தோதான நிலைமை வேறு இல்லை. சமவெளியில் ஒரு நாள், சக்கரத்தை உருளை மேல் ஓடவிட்டுச் சக்தியை அளக்கும் டைனோவில் போட்டுப் பார்த்த கோப்பு மலையில் எப்படி நடந்துகொள்ளும் என்று அந்த டைனோ சீட்டு சொல்லாது.

கொண்டை ஊசி வளைவில் திணறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த இன்ஜின் 1,800 ஆர்பிஎம்முக்குக் கீழே சோம்பேறி. டர்போவைச் சுழற்றும் அளவுக்கு அங்கே புகை வராது. வளைவில் மூன்றாவது கியரிலேயே திரும்பி 1,300-க்கு இறங்கிவிட்டால் எந்த ரீமேப்பாலும் அங்கே பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. காற்று இல்லாத இடத்தில் டீசலைக் கூட்டினால் கரும்புகைதான் வரும். சுத்தமாக எரிய ஒரு பங்கு டீசலுக்கு ஏறத்தாழ 18 பங்காவது காற்று வேண்டும், அதற்குக் கீழே போனால் கரி. வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு இறக்கி, 2,000-க்கு மேல் வைத்துத் திருப்பினால் அதே வண்டி வேறு வண்டியாக இருக்கும். நீங்கள் ஏற்கெனவே அப்படித்தான் ஓட்டுகிறீர்கள் என்றால், வண்டியில் குறை இருக்கிறது.

அந்தக் குறை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு சம்பவம். போன வருஷம் ஒருவர் இதே இன்ஜின் உள்ள சியாஸோடு ரீமேப் கேட்டு வந்தார். ஸ்கேனர் போட்டால் எந்த எரர் கோடும் இல்லை. மீட்டரில் லைட்டும் எரியவில்லை. சரி, ஓட்டிப் பார்ப்போம் என்று லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். நீலாம்பூர் பைபாஸில் ரோடு காலியாக இருந்த இடத்தில், நான்காவது கியரில் 1,500-லிருந்து முழு ஆக்சிலரேட்டர் கொடுக்கச் சொன்னேன். திரையில் இரண்டு கோடுகள். ஒன்று ஈசியூ கேட்கும் பூஸ்ட், இன்னொன்று நிஜமாக வரும் பூஸ்ட். நல்ல வண்டியில் இரண்டும் ஒட்டி ஒட்டிப் போகும். இதில் மேல் கோடு 2,150-க்குப் போய் நிற்கிறது, கீழ்க் கோடு 1,850-ல் படுத்துவிட்டது. லைட் எரிய வைக்கும் அளவுக்கு வித்தியாசம் நீடிக்கவில்லை, இழுவையைத் தின்னும் அளவுக்கு இருந்தது.

திரும்பி வந்து அடியில் பார்த்தோம். டர்போவிலிருந்து, அமுக்கிச் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, ஒரு பக்கம் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும். துடைத்துவிட்டுக் கட்டைவிரலால் வளைத்து அழுத்தினால் விரல் நீளத்துக்கு ஒரு கீறல் வாய் திறக்கிறது. விட்டால் மூடிக்கொள்கிறது. ஐடிலில் சத்தமே வராது. பூஸ்ட் ஏறும்போது மட்டும் திறந்து காற்றை வெளியே விட்டுவிடும். போன காற்றை ஈடுகட்ட டர்போ ஏற்கெனவே கூடுதலாக ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே வரும் பூஸ்ட் குறைவு என்று பூஸ்ட் பிரஷர் சென்சார் சொல்வதால் ஈசியூ டீசலையும் குறைத்துக்கொண்டிருந்தது. அந்த நிலையில் ரீமேப் செய்திருந்தால் அந்தப் பாவப்பட்ட டர்போவின் மேல் இன்னும் ஒரு மூட்டை ஏற்றியதாக ஆகியிருக்கும். ஹோஸ் மாற்றி, கூடவே ஏர் ஃபில்டரும் டீசல் ஃபில்டரும் மாற்றினோம். மூவாயிரம் ரூபாய்க்குள் வேலை முடிந்தது. அவர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "ரீமேப்பும் போட்டுட்டீங்களா?" என்று கேட்டார். அதற்கப்புறம் அவர் ரீமேப் கேட்கவில்லை.

ஹோஸ் மட்டும்தான் காரணம் என்று இல்லை. விஜிடி டர்போவின் இறக்கைகள் கரி பிடித்து இறுகிக்கொள்ளும், ஊருக்குள் மெதுவாகவே ஓடும் வண்டிகளில் இது அதிகம். ஈஜிஆர் வால்வு முழுதாக மூடாமல் புகையைத் திரும்ப உள்ளே விடும். இன்ஜெக்டர்கள் தேய்ந்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஈசியூ தனித்தனியாகத் திருத்தம் செய்துகொண்டிருக்கும், அந்தத் திருத்த எண்ணை ஸ்கேனரில் பார்க்கலாம். பிரேக் பிடித்துக்கொண்டே சக்கரம் சுற்றுவதும் உண்டு, ஓட்டி முடித்ததும் ஒரு ரிம் மட்டும் சுடுகிறதா என்று கைவைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். வண்டி பிறந்தபோது இருந்த 90 குதிரைத்திறனில் 75-தான் இப்போது வருகிறது என்றால், அந்த 15-ஐத் திரும்பக் கொண்டு வருவதே உங்களுக்கு ஒரு ரீமேப் செய்தது மாதிரிதான் இருக்கும். எந்த மிச்சத்தையும் தொடாமல்.

இனி மைலேஜ். இதில் ஏமாறுவது மிக எளிது என்பதால் கணக்கோடு சொல்கிறேன். கடைக்காரர் சொல்வது அப்படியே உண்மை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,500 கி.மீ., லிட்டருக்கு 17 என்றால் 88 லிட்டர். 10 சதவீதம் கூடி 18.7 ஆனால் 80 லிட்டர். மிச்சம் 8 லிட்டர், டீசல் 92 ரூபாய் என்று போட்டால் 740 ரூபாய்க்குள். 25,000 ரூபாயை எடுக்கக் கிட்டத்தட்ட மூன்று வருஷம் ஆகும். இது அவர் சொன்ன 10 சதவீதம் முழுதாகக் கிடைத்தால். சீராக 80 கி.மீ. வேகத்தில் போகும்போது இன்ஜின் கேட்பது அதன் மொத்த சக்தியில் ஒரு சின்னப் பகுதிதான். அந்த இடத்தில் கம்பெனி ஏற்கெனவே வருஷக்கணக்கில் உட்கார்ந்து சிக்கனம் பார்த்து வைத்திருக்கிறது. ரீமேப்புக்குப் பின் இழுவை கூடியதால் சீக்கிரமே மேல் கியர் போட்டு ஓட்டுகிறவருக்குக் கொஞ்சம் மிச்சமாகும். புதிதாக வந்த பிக்கப்பை அனுபவிக்க மிதிக்கிறவருக்குக் குறையும். இரண்டாவது வகைதான் அதிகம், அதற்காகத்தானே ரீமேப் செய்கிறோம்.

மீட்டரில் காட்டும் மைலேஜை நம்ப வேண்டாம். அந்த எண் டேங்கை அளந்து வருவதில்லை. ஈசியூ தான் எவ்வளவு டீசல் பீய்ச்சியதாக நினைக்கிறதோ அதிலிருந்து கணக்கிட்டுக் காட்டுகிறது. சில கடைகளில் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்துக்கான மேப்பை நேரடியாகக் கூட்டிவிடுவார்கள், குறுக்கு வழி. அப்போது ஈசியூ 40 மில்லிகிராம் என்று நினைத்துக்கொண்டு 45 பீய்ச்சும். கணக்கில் 40-தான் ஏறும். மீட்டரில் மைலேஜ் கூடியிருக்கும், பங்க்கில் பில் குறைந்திருக்காது. டேங்க்கை விளிம்பு வரை நிரப்பி, நானூறு ஐந்நூறு கி.மீ. ஓட்டி, அதே பங்க்கில் அதே மாதிரி நிரப்பி வகுத்துப் பாருங்கள். மூன்று தடவை செய்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. டர்போ இல்லாத பெட்ரோல் காருக்கு, உதாரணமாக ஸ்விஃப்ட், ஐ10 மாதிரி 1.2 லிட்டர் வண்டிக்கு, ரீமேப் செய்வது பண விரயம். உள்ளே வரும் காற்று வெளியே உள்ள காற்றழுத்தத்தால் வருவதுதான், அதைக் கம்ப்யூட்டரால் கூட்ட முடியாது. இக்னிஷன் நேரத்தைக் கொஞ்சம் முன்னே தள்ளலாம். கிடைப்பது நான்கைந்து குதிரைத்திறன், ஏசியை அணைத்தால் உணரும் வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருக்காது. டர்போ பெட்ரோல் வேறு கதை, ரீமேப்புக்கு மிக நன்றாக மசிவது அதுதான். ஆனால் அதற்குப் பெட்ரோல் நன்றாக இருக்க வேண்டும். பூஸ்ட் ஏற ஏற, தீப்பொறி பற்றவைத்த தீ வந்து சேரும் முன்பே மீதிப் பெட்ரோல் தானாக வெடிக்கும், அதைத்தான் நாக்கிங் என்கிறோம். நாக் சென்சார் அதைக் கேட்டதும் ஈசியூ இக்னிஷனைப் பின்னுக்கு இழுக்கும். எளிதில் நாக்கிங் ஆகாத உயர் ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதிய கோப்பைப் போட்டுவிட்டுச் சின்ன ஊர்ப் பங்க்கில் கிடைத்ததை அடித்தால், வாங்கிய சக்தியை ஈசியூவே திருப்பி எடுத்துக்கொள்ளும். கியர்பாக்ஸும் ஒரு எல்லை. ஃபோக்ஸ்வேகனின் பழைய 1.2 லிட்டர் போலோ ஜிடி டிஎஸ்ஐ 175 நியூட்டன் மீட்டர். அதிலுள்ள ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் 250 வரை தாங்கும் என்று வடிவமைக்கப்பட்டது. ரீமேப் அந்த 250-ஐ நெருங்கப் போகும்போது மீதம் இருப்பது ஒரு நூலளவு.

வயரில் செருகும் ட்யூனிங் பாக்ஸ் பற்றியும் கேட்பீர்கள். டீசலில் அது, இன்ஜெக்டர்களுக்குப் போகும் டீசலின் அழுத்தத்தை அளக்கும் ரெயில் பிரஷர் சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவில் உட்கார்ந்து, அழுத்தத்தைக் குறைத்துச் சொல்லிப் பொய் சொல்லும். ஈசியூ அதை நம்பி அழுத்தத்தை ஏற்றும். பம்பும் இன்ஜெக்டரும் யாருக்கும் தெரியாமல் கூடுதல் அழுத்தத்தில் ஓடும். அதை நான் என் வண்டியில் வைக்க மாட்டேன். ஆக்சிலரேட்டர் பெடலில் செருகும் பாக்ஸ் ஆபத்தில்லாதது. அது சக்தி எதையும் கூட்டுவதில்லை. பாதி மிதித்தால் முக்கால் மிதித்ததாகச் சொல்லும், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ரீமேப்போடு இலவசமாக "ஈஜிஆர் ஆஃப்", பிஎஸ் 6 டீசல் என்றால் "டிபிஎஃப் ஆஃப்" செய்து தருகிறோம் என்பார்கள். வேண்டாம். ஈஜிஆர் இருப்பது நைட்ரஜன் ஆக்ஸைடுகளைக் குறைக்க. டிபிஎஃப் இருப்பது கண்ணுக்குத் தெரியாத கரித்துகளைப் பிடித்து வைக்க. அந்தத் துகள் போகிற இடம் நமக்குப் பின்னால் ஸ்கூட்டரில் குழந்தையை முன்னால் நிற்க வைத்துப் போகிறவரின் மூச்சுக்குள். 2015-ல் ஃபோக்ஸ்வேகன் உலகம் முழுக்கத் தலைகுனிந்த விவகாரம் இந்தக் கோப்புக்குள் நடந்ததுதான். சோதனையில் ஒரு மாதிரியும் ரோட்டில் வேறு மாதிரியும் ஓடும்படி மென்பொருள் எழுதியிருந்தார்கள். அதே காரியத்தை நாம் நம் கையால் காசு கொடுத்துச் செய்துகொள்ளக் கூடாது. டிபிஎஃப் அடைத்துக்கொள்கிறது என்றால் வாரம் ஒருமுறை பைபாஸில் அரைமணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும்.

சட்டத்தையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவில் சேர்த்தார்கள். செக்போஸ்ட்டில் யாரும் ஈசியூ கோப்பைத் திறந்து பார்ப்பதில்லை என்பது நிஜம். ஆனால் பெரிய விபத்து என்றால் இன்சூரன்ஸ் சர்வேயர் பார்ப்பார். சொல்லாமல் செய்த மாற்றம் கிளெய்மை மறுக்க அவர்களுக்கு ஒரு காரணத்தைக் கொடுக்கும். வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால் பேச்சே வேண்டாம். பழைய கோப்பைத் திரும்பப் போட்டாலும் எத்தனை தடவை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை பல ஈசியூக்களில் பதிவாகி நிற்கும்.

இத்தனைக்கும் மேல் செய்தே ஆக வேண்டும் என்றால், கடையை எப்படித் தேர்ந்தெடுப்பது? உங்களிடம் முதலில் அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். கடைசியாக ஆயில் எப்போது மாற்றினீர்கள், கிளட்ச் எத்தனை கி.மீ., எங்கே ஓட்டுவீர்கள் என்று கேட்பவர் தொழில்காரர். வந்ததும் லேப்டாப்பைச் செருகி, மெயிலில் எங்கிருந்தோ வாங்கிய ஒரே கோப்பை எல்லா எர்டிகாவுக்கும் ஊற்றுகிறவரிடம் நிற்க வேண்டாம். ரீமேப்புக்கு முன்னும் பின்னும் ஒரே டைனோவில், ஒரே நாளில் போட்ட சீட்டைக் கேளுங்கள். பின்னால் போட்ட ஒன்று மட்டும் இருந்தால் அதற்கு அர்த்தமில்லை. உங்கள் வண்டியின் ஒரிஜினல் கோப்பை ஒரு பிரதி வாங்கி வீட்டில் பத்திரமாக வையுங்கள். அதிகபட்ச எண்ணை உங்களிடம் விற்காமல் 215, 220 நியூட்டன் மீட்டரில் நிறுத்தச் சொல்லும் கடைக்காரர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

உங்கள் எர்டிகாவுக்கு நான் செய்வது இதுதான். முதலில் ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர். பிறகு டர்போ ஹோஸ்கள் அத்தனையையும் கையால் வளைத்துப் பார்ப்பது. அப்புறம் ஒரு ஸ்கேனரோடு பைபாஸில் நான்காவது கியரில் ஒரு ஓட்டம், கேட்ட பூஸ்ட்டும் வந்த பூஸ்ட்டும் ஒட்டிப் போகிறதா என்று. இன்ஜெக்டர் திருத்த எண்கள், கிளட்ச் சோதனை, நான்கு சக்கரமும் கையால் சுற்றினால் தடையில்லாமல் சுற்றுகிறதா என்பது. டயர் காற்று ஏழு பேருக்கு உள்ள அளவில் இருக்கிறதா என்பதும்தான், டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். இதில் ஏதாவது மாட்டும் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றுகிறது. மாட்டியதைச் சரி செய்துவிட்டு ஒரு தடவை ஊட்டி போய் வாருங்கள். கல்லாறு தாண்டி முதல் வளைவுக்கு முன்பே இரண்டாவது கியர். மீதிப் பணத்தில் பிரேக் பேடும் பிரேக் ஆயிலும் மாற்றிக்கொள்ளுங்கள், ஏழு பேரோடு அதே ரோட்டில் கீழேயும் இறங்கி வர வேண்டும்.